காருக்குள் அடங்கினால் போதுமா?

சென்ற பொங்கலன்று காலை நம் சங்க வாசலில் நின்று வருபவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். டெல்லிப் பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. அப்போது இளைஞர் அணி அன்பர் ஒருவரின் கார் வந்து நின்றது. கரும்புக் கொல்லையே நகர்ந்து வந்தது போன்ற தோற்றம். ஆசாத்பூர் மண்டியிலிருந்து இரண்டு கட்டுக் கரும்பு. தோகை இடப்பக்க ஜன்னல் வழியாக ஒரு முழம் வெளியே நீண்டிருந்தது. அடிக்கரும்பு, மூட முடியாத டிக்கி வழியாக எட்டிப் பார்த்தது. டிக்கிக் கதவைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. பின் இருக்கையில் கரும்புக்கும் கதவுக்கும் இடையே அவருடைய ஆறு வயது மகள், மடியில் கோலப்பொடி டப்பாவுடன், ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"டெம்போக்காரன் ஆயிரத்தைந்நூறு கேட்டான் சார். எதற்கு வீண் செலவு? சங்கத்துக்கு மிச்சம்தானே!" என்றார் அன்பர். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். செயற்குழு உறுப்பினர் ஒருவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் கை தட்டவில்லை. குழந்தையை மட்டும் கதவைத் திறந்து இறக்கிவிட்டேன். "இப்படிக் கொண்டுவரக் கூடாது" என்று நான் சொன்னதற்கு, "மெதுவாகத்தான் வந்தேன் சார், ஒன்றும் ஆகாது" என்று சிரித்தார்.

விழா நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல, காரில் கிரைண்டரையும் கட்டில் சட்டத்தையும் கொலுப் படியையும் திணித்துக்கொண்டு வரும் நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தத் தவற்றை நானே செய்தவன்.

வெறும் பிரேக்தான்

2003-ஆம் ஆண்டு. நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவரை சங்கத்தில் டிரங்குப் பெட்டிகளையும் மேஜைகளையும் அடுக்கித்தான் கொலுப் படி கட்டிவந்தோம். அந்த ஆண்டு சொந்தமாகப் பலகைகள் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. கீர்த்தி நகர் மரக்கடை ஒன்றில் ஏழடி நீளத்தில் ஏழு பலகைகள் அறுத்து இழைத்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துவரும் பொறுப்பு என்னுடையது. கடை வாசலில் நின்ற டெம்போக்காரர் மயூர் விஹாருக்கு இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். இருநூற்றைம்பது ரூபாயைக் கொடுப்பானேன் என்று தோன்றியது. என்னிடம்தான் மாருதி 800 இருக்கிறதே!

மாருதி 800-இன் மொத்த நீளமே மூன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் முன்புறம் எஞ்சினுக்குப் போய்விடும். ஏழடிப் பலகையோ இரண்டு மீட்டருக்கு மேல். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பின்னால் சாய்த்து, பலகைகளின் ஒரு முனையை டாஷ்போர்டின் மேலும், மறுமுனையைப் பின் இருக்கையின் முதுகுக்கு மேலுமாக வைத்தோம். டிக்கி நான்கு விரற்கடை மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். கடைக்காரரே பாராட்டினார். ஒத்தாசைக்கு என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு படிப்பவன். "மாமாவுக்குக் கூடமாட உதவி செய்" என்று அவன் அம்மா அனுப்பியிருந்தார். அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, பலகைகள் நகராமல் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

பலகை அடுக்கின் ஓரம் கியரின் மேல் கவிந்திருந்தது. கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் பலகைக்கு அடியில் கையை நுழைக்க வேண்டும். இடப்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. பின்கண்ணாடியில் பலகைதான் தெரிந்தது. இவ்வளவுக்கும் நான் மெதுவாகத்தான் வந்தேன். ஐ.டி.ஓ. தாண்டி ரிங் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, இடப்பக்கமிருந்து ஒரு புளூலைன் பஸ் சட்டென்று குறுக்கே திரும்பிற்று. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றது. பஸ் போய்விட்டது. எதன் மீதும் மோதவில்லை. ஒரு கீறல்கூட வெளியே இல்லை.

ஆனால் கார் நின்றது, பலகைகள் நிற்கவில்லை. மொத்த அடுக்கும் முன்னால் சறுக்கிப் போய்க் கண்ணாடியில் இடித்தது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. மேலே இருந்த இரண்டு பலகைகள் வலப்பக்கமாகத் திரும்பி, ஒன்று என் காதை உரசிக்கொண்டு போயிற்று. பலகைகளை அணைத்திருந்த பையன் அவற்றோடு சேர்ந்து இழுக்கப்பட்டு என் இருக்கையின் முதுகில் தோளை மோதிக்கொண்டான். காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தான். காலாண்டுத் தேர்வை எழுத முடியவில்லை.

அன்று மாலை அவன் அம்மாவின் எதிரில் போய் நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை. "பிழைத்தானே, விடுங்கள்" என்றார் அந்த அம்மாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். இருநூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அடுத்த வீட்டுப் பிள்ளையின் எலும்பை முறித்துக்கொண்டு வந்தவன் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"சொந்தக் கார், சொந்தச் சாமான், இதில் சட்டம் எங்கே வந்தது?" என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் பிற்பாடு வாங்கிப் படித்தபோதுதான் என் தவறு எத்தனை பிரிவுகளில் வருகிறது என்று தெரிந்தது.

முதலில் நமக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். காரில் சாமானே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 'சரக்கு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், காரில் எடுத்துச் செல்லும் பயண மூட்டைகளையும் சொந்த உடைமைகளையும் அது சரக்குக் கணக்கிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டு மிக்ஸியையோ நாற்காலியையோ காரில் கொண்டு போனதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அடுத்தவர் சாமானைக் கூலி வாங்கிக்கொண்டு ஏற்றினால் கதை வேறு. வெள்ளை நம்பர் பலகை வண்டிக்கு அந்த உரிமை கிடையாது.

அடுத்து 125-ஆவது பிரிவு. வண்டி ஓட்டுபவர், தம் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக யாரையும் நிற்கவோ உட்காரவோ விடக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கவும் கூடாது என்கிறது. பொருள் எவ்வளவு பெரியது, வெளியே நீட்டுகிறதா இல்லையா என்பதெல்லாம் இங்கே கேள்வி இல்லை. கியருக்கு மேல் கவிந்த பலகை, கைப்பிரேக்கை மறைத்த மூட்டை, மடியில் வைத்துக்கொண்ட குத்துவிளக்கு, எல்லாமே இதற்குள் வந்துவிடும். முழுக்க முழுக்கக் காருக்குள்ளேயே அடங்கிய சுமையும் சட்டத்துக்குப் புறம்பாகலாம். பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்.

மூன்றாவது, வெளியே நீட்டிக்கொண்டு போவது. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தில் 194-ஆவது பிரிவோடு 1ஏ என்று ஓர் உட்பிரிவு சேர்ந்தது. சுமையோ அதன் ஒரு பகுதியோ வண்டியின் பக்கவாட்டைத் தாண்டியோ, முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறியோ நீட்டிக்கொண்டிருந்தால் இருபதாயிரம் ரூபாய் அபராதம். சுமையை இறக்கிவைக்கும் செலவும் நம்முடையது. சுமையைச் சரி செய்யும் வரை வண்டி நகரக் கூடாது. இது லாரிக்குத்தானே என்று கேட்க வேண்டாம். பிரிவின் வாசகம் 'மோட்டார் வாகனம்' என்றுதான் இருக்கிறது. நம் ஊர் போக்குவரத்துப் போலீஸ்காரர் பொங்கல் கரும்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பிவிடலாம். அது அவருடைய நல்ல மனது. சட்டம் அப்படி இல்லை.

அந்தப் பிரிவில் இன்னொரு சொல்லைச் செயற்குழு அன்பர்கள் கவனிக்க வேண்டும். ஓட்டுபவரை மட்டும் அது குறிப்பிடவில்லை. அப்படி ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் ஆகியோரையும் சேர்த்தே சொல்கிறது. "உங்கள் கார்தான் பெரியதாச்சே, நீங்களே கொண்டுவந்துவிடுங்களேன்" என்று தொண்டரிடம் சொல்கிறோமே, அப்போது நாமும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறோம்.

சிவப்புத் துணிக்கு வருகிறேன். பின்னால் சிவப்புத் துணி கட்டிவிட்டால் எதையும் நீட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு காலத்தில் சரக்கு வண்டிகளில் பின்புறம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம் என்று மத்திய விதிகளில் இடம் இருந்தது. லாரிகளில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளில் பின்னால் வந்தவர்கள் மோதி மாண்டதைத் தொடர்ந்து, 2014-இல் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். லாரிக்கே இல்லாத சலுகை நம் காருக்கு ஏது? சிவப்புத் துணி பின்னால் வருபவருக்கு ஓர் எச்சரிக்கை. நமக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

கடைசியாக இன்ஷூரன்ஸ். உங்கள் தனியார் கார் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் காரைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடுவதும், மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயண மூட்டையும் தவிர மற்றச் சரக்கை ஏற்றுவதும் விலக்கப்பட்டிருக்கும். சங்கத்தின் மேடைச் சாமான்கள் நம் சொந்த மூட்டையா, சரக்கா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். அந்த வாதம் நடக்கிற காலமெல்லாம் பழுது பார்க்கும் பணம் நம் கையிலிருந்து போயிருக்கும். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது.

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு தேங்காய்

சட்டத்தை விடுங்கள். அது இல்லாவிட்டாலும் இயற்கையின் சட்டம் ஒன்று இருக்கிறது. அது யாரையும் சிரித்துக் கையசைத்து அனுப்பாது.

கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. காரை ஏதாவது தடுத்து நிறுத்தினால், கட்டாத பொருளை யார் நிறுத்துவது? எதிரில் இருக்கும் இருக்கை, கண்ணாடி, அல்லது நம் பிடரி. 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். நம் டி.டி.ஏ. குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் தேங்காயைப் போட்டால் கீழே நிற்பவர் கதி என்ன? பின் இருக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பலகைத் தட்டில் கோயில் தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு வருகிறோமே, மோதலின்போது அந்தத் தேங்காய் அந்த வேகத்தில்தான் முன்னால் வரும்.

இன்னொரு கணக்கு. அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பொருள் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு பலத்தோடு முன்னால் தள்ளும். 12 கிலோ டேபிள் டாப் கிரைண்டர் 240 கிலோவாகிவிடும். என் ஏழு பலகைகள் சுமார் 45 கிலோ இருந்தன. அன்று மோதல் நடந்திருந்தால் அவை கிட்டத்தட்ட ஒரு டன் ஆகியிருக்கும். பதின்மூன்று வயதுப் பையனின் இரண்டு கைகள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்!

"பின் இருக்கையின் முதுகு தாங்காதா?" என்று கேட்கலாம். ஓரளவுக்குத் தாங்கும். ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி பின் இருக்கை முதுகைச் சோதிக்கும்போது, டிக்கியில் 18 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை வைத்து, 50 கிலோமீட்டர் வேக மோதலைப் போல் நடத்திப் பார்க்கிறார்கள். இருக்கை முதுகு தாங்க வேண்டிய அளவு அவ்வளவுதான். அதற்கு மேல் நாம் ஏற்றும் மாவு மூட்டைக்கும் வெங்கல உருளிக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அந்த முதுகையும் மடித்துப் போட்டுவிட்டால் நடுவில் தடுப்பே கிடையாது.

காற்றுப் பைகளும் இப்போது வந்துவிட்டன. டாஷ்போர்டின் மேல் பலகையை முட்டுக்கொடுத்து வைத்தால், காற்றுப் பை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும்போது அந்தப் பலகையைத்தான் உள்ளே இருப்பவர்கள் மேல் எறியும். காக்க வந்த கருவியே நம்மை அடிக்கும்.

ஓர் உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். காரில் கட்டாமல் வைக்கும் சுமைகளில் மிகவும் கனமானது பல சமயம் மனிதர்தான். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே கார் விபத்தில் காலமானார். நல்ல விலையுயர்ந்த கார்தான். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. சாமானுக்கு இடம் பண்ணுவதற்காகப் பின் இருக்கையில் ஒருவரை ஓரமாக ஒடுக்கி, பெல்ட்டும் போட முடியாமல் உட்கார வைக்கிறோமே, அப்போது சாமானோடு அவரையும் கட்டாத சுமையாக்கிவிடுகிறோம்.

திறந்த டிக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடும் காரில், வண்டிக்குப் பின்னால் சுழலும் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக மற்றக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு டிக்கியை மட்டும் கயிறு கட்டித் திறந்து வைத்துக்கொண்டு வருவது ஜனவரி மாத டெல்லியில் சர்வசாதாரணம். தலைவலி வந்தால் பனி என்று நினைத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சாமான் பின்விளக்கையும் நம்பர் பலகையையும் மறைத்துவிடும். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது.

நம் ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கே ஏராளமான கார்கள் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. சிலிண்டர் உட்கார்ந்திருப்பது டிக்கியில். கனமான சாமானுக்குப் பாதுகாப்பான இடம் எதுவோ அதைச் சிலிண்டர் எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே சாமான் இருக்கைக்கு ஏறிவிடுகிறது. சிலிண்டரின் எடையும் சேர்ந்த பிறகு ஐந்து பேர் ஏறினாலே சிறிய காரின் சுமைத் திறன் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்கு மேல் அரிசி மூட்டையை ஏற்றினால் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, விளக்கு வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில் போய் அடிக்கும்.

நாம் சொல்லும் சமாதானங்கள்

"மெதுவாகத்தான் போவேன்." நானும் மெதுவாகத்தான் போனேன். குறுக்கே வந்த பஸ் மெதுவாக வரவில்லை. நம் வேகம் நம் கையில். பிரேக் போட வேண்டிய நேரம் நம் கையில் இல்லை.

"எல்லோரும்தான் செய்கிறார்கள்." உண்மை. ஸ்கூட்டரில் சோபாவைக் கொண்டுபோனவரைக்கூட இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது நமக்குத் தெரிவதில்லை.

"டெம்போ எங்கே கிடைக்கிறது?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. காலை மாலை நெரிசல் நேரங்களில் பல சாலைகளில் சரக்கு வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. ஒரு கிரைண்டருக்கு டெம்போ பிடிப்பது அதிகப்படி என்றும் தோன்றும். ஆனால் இப்போது நிலைமை முன்பு போல் இல்லை. 'சோட்டா ஹாத்தி' என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அதன் பிறகு சின்னச் சுமைக்கும் வண்டி கிடைக்கிறது. கைப்பேசியிலேயே அழைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு வரைக்கும் என்றால் சைக்கிள் தள்ளுவண்டி இருக்கிறது. பெரிய கடைகள் பல வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கின்றன. நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக வைத்துக்கொண்டால் தடை நேரம் ஒரு தடையே இல்லை.

"செலவாகிறதே." இதுதான் உண்மையான காரணம். மற்றவை எல்லாம் இதற்குப் போர்த்திய சால்வை. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாம். சிக்கனம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, நல்ல குணமும்கூட. ஆனால் எதில் சிக்கனம் என்று ஒரு கணக்கு வேண்டாமா? மேடை அலங்காரப் பூவுக்கு காஜிப்பூரில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். பொன்னாடைக்குக் கொடுக்கிறோம். பூவை ஏற்றிவர மட்டும் தொண்டரின் காரும் அவருடைய குழந்தையின் இருக்கையும் இலவசமாக வேண்டும் என்கிறோம்.

என்ன செய்யலாம்?

சிறிய சாமான் காரில் வரத்தான் செய்யும். அதற்குச் சில எளிய வழக்கங்கள் போதும். வாங்கப் போகுமுன் சாமானையும் காரையும் நாடாவால் அளந்துவிடுங்கள். கனமானது டிக்கியின் தரையில், இருக்கை முதுகை ஒட்டினாற்போல் இருக்கட்டும். டிக்கியில் இடம் இல்லாவிட்டால் முன் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் வையுங்கள். இருக்கை மேல் வைத்தால் கயிற்றாலோ நாடாவாலோ இழுத்துக் கட்டுங்கள். பின் இருக்கையில் ஆள் இல்லாமல் டிக்கியில் கனம் இருந்தால், காலியான பெல்ட்டுகளை மாட்டி வைத்தால் இருக்கை முதுகுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும். பின் தட்டிலும் டாஷ்போர்டிலும் எதுவும் வேண்டாம். கியர், கைப்பிரேக், மூன்று கண்ணாடிகள் இவற்றில் ஒன்று மறைந்தாலும் சாமான் இறங்க வேண்டியதுதான். டிக்கி மூடவில்லை என்றால் அந்தச் சாமான் அந்தக் காருக்கு உரியது இல்லை. சாமானைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாலும் அப்படியே. குழந்தையை அந்த வேலைக்கு வைக்கவே கூடாது.

காஸ் சிலிண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு மாற்றும்போது 14.2 கிலோ சமையல் காஸ் சிலிண்டரைக் காரில் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். படுத்த சிலிண்டரில் வால்வு கசிந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும். அது பல மடங்கு வாயுவாக விரிந்து மூடிய காருக்குள் நிறைந்தால், ஒரு பொறி போதும். ஏஜென்சியில் பழைய சிலிண்டரை ஒப்படைத்துவிட்டுப் புது இடத்தில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள்.

சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நவராத்திரி, பொங்கல், தியாகராஜ ஆராதனை, சித்திரைத் திருநாள் என்று ஒவ்வொரு விழாவின் வரவு செலவுத் திட்டத்திலும் 'சாமான் ஏற்றிவரும் செலவு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பந்தலுக்கும் பிரசாதத்துக்கும் அடுத்தபடியாக அது இருக்கட்டும். கரும்பு, வாழை, கொலுப் பலகை, வாடகைப் பாத்திரம் எல்லாம் டெம்போவில் வரட்டும். தொண்டரின் காரில் தொண்டரும் அவர் குடும்பமும் பெல்ட் போட்டுக்கொண்டு வரட்டும். அந்தச் செலவுக்கு நன்கொடை போதவில்லை என்றால் ஒரு பொன்னாடையைக் குறைத்துக்கொள்வோம். பொன்னாடை கிடைக்காததால் யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை. அடுத்த நவராத்திரிக்கு டெம்போ செலவை நானே தருகிறேன். 2003-இல் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது.

அந்தப் பையன் இன்று எஞ்சினியர். பெங்களூரில் இருக்கிறான். பெற்றோரைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னையும் பார்த்துவிட்டுப் போவான். தோள் எலும்பு கூடிய இடத்தில் ஒரு சிறு மேடு இருக்கிறது, சட்டைக்கு மேலேயே தெரியும். அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன முறை வந்தபோது தன் இரண்டு வயதுப் பெண்ணைக் காரில் அவளுக்கென்று உள்ள தனி இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினான். கரும்பு கொண்டுவந்த அன்பரும் அடுத்த பொங்கலுக்குத் தம் மகளை அப்படியே அழைத்து வர வேண்டும். கரும்பு பின்னால் டெம்போவில் வரட்டும். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, பொங்கலைக் கொஞ்சம் கழித்துப் பொங்க வைப்போம்.